"புள்ளைய ஒழுங்கா பார்த்துக்க மாட்டியா?"

மக்களே, ரொம்ப நாளா வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டிருந்த விசயம் இது. இன்னைக்குக் கொட்டிடுறேன். பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். வீடு கட்டி முடிச்சவங்க, கட்டிக்கிட்டிருக்கவங்க, பழைய வீட்டை இடிச்சுப் புதுசாக்கப் போறவங்க, திட்டுறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

என் குற்றச்சாட்டு இதுதான். நாம லட்ச லட்சமாக் கொட்டி வீட்டை அழகு பண்ணுறது, வருசத்துக்கு ரெண்டு தடவை வந்து காபி குடிச்சிட்டுப் போறவங்களுக்காக. அதே வீட்டுல நாள் முழுக்கத் தவழ்ந்து, ஏறி, விழுந்து, நக்கி, கடிச்சு வாழ்ற குழந்தைக்காகத் தனியா ஒரு ஆயிரம் ரூபாய் எடுத்து வைக்க நமக்கு மனசு வர்றதில்ல. அப்புறம் ஒரு நாள் அந்தக் குழந்தை வழுக்கி விழுந்து மண்டை உடைஞ்சா, கொத்தனாரையும் கேக்க மாட்டோம், டைல்ஸ் தேர்ந்தெடுத்த பெரியவரையும் கேக்க மாட்டோம். நேராப் போய் அம்மாவைப் பிடிப்போம். "புள்ளைய ஒழுங்கா பார்த்துக்க மாட்டியா?"

வீடு பண்ணின தப்பை அம்மா கணக்குல எழுதுறோம். இந்த அயோக்கியத்தனத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

*

எங்க ஊர் விருத்தாசலம். வெளியூர்க்காரங்களுக்கு ரயில் மாறுற ஜங்ஷனாத் தெரியும். பழமலைநாதர் கோயிலாத் தெரியும். 2006-ல் விஜயகாந்தை சட்டசபைக்கு அனுப்பின தொகுதியாத் தெரியும். எங்களுக்கு இது பீங்கான் ஊர். பக்கத்துல நெய்வேலியில பழுப்பு நிலக்கரி எடுக்க மேல்மண்ணைத் தோண்டுறப்போ வெள்ளைக் களிமண்ணும் வரும். அந்த மண்ணை நம்பி இங்க ஒரு பீங்கான் தொழிற்பேட்டையே வளர்ந்துச்சு. பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே டிப்ளமோ சொல்லித்தர்ற அரசு நிறுவனமும் இங்க இருக்கு. அகல் விளக்கு, பொம்மை, கரண்ட் கம்பத்துக்கான இன்சுலேட்டர், மீட்டர் போர்டுல மாட்டுற வெள்ளை ஃபியூஸ் கட்டை எல்லாம் எங்க ஊர் சூளையில சுட்டு ஊர் ஊராப் போச்சு. எங்கப்பாவும் தொழிற்பேட்டையில ஒரு பட்டறையில இருபது வருசம் வேலை பார்த்தவர்தான்.

இவ்வளவு பொம்மை செய்யுற ஊர்ல வீட்டுக்கு வீடு ஹால்ல ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கும். உள்ள பீங்கான் யானை, பீங்கான் கிளி, பீங்கான் பாப்பா. குழந்தை பக்கத்துல போனா "தொடாதே, உடைஞ்சிடும்". பொம்மை செய்யுற ஊர்லயே பொம்மை கூட விருந்தாளிக்குத்தான்! இதுல மத்ததைச் சொல்லவா வேணும்.

நான் பொட்டி தட்டுற ஜாதி. வாரத்துல பாதி நாள் வீட்டுல உட்கார்ந்தே வேலை. மூணு வயசுல ஒருத்தி, பத்து மாசத்துல ஒருத்தன். பெரியவ ஏறாத இடமில்ல, சின்னவன் வாயில போடாத பொருளில்ல. போன வருசம் எங்க வீட்டுல தரை மாத்தி, பெயிண்ட் அடிச்சு, மாடிக்குப் படி எடுத்துன்னு நாலு மாசம் வேலை நடந்துச்சு. அந்த நாலு மாசத்துல கொத்தனார், எலக்ட்ரீசியன், பெயிண்டர், சொந்தக்காரங்க, அக்கம்பக்கம்னு ஒரு ஐம்பது பேர் யோசனை சொல்லியிருப்பாங்க. வாஸ்து சொன்னாங்க. எலிவேஷன் சொன்னாங்க. ஹால்ல எத்தனை லைட் வேணும்னு சொன்னாங்க. "தவழ்ற புள்ள இருக்கே, இது சரியா வருமா?"ன்னு கேட்டவங்க ரெண்டே பேர். ஒருத்தர் எங்க ஆயா. இன்னொருத்தர் தங்கமணி. ரெண்டு பேர் பேச்சையும் அந்தக் கூட்டத்துல யாரும் காதுல வாங்கல. நாள் பூரா குழந்தை பின்னாடி ஓடுறவங்களுக்கு வீட்டு பிளான்ல ஓட்டுரிமை கிடையாது, அவ்வளவுதான்.

*

எங்க பொழப்புல ஒரு வழக்கம் உண்டு. கஸ்டமர் ஏதாவது பட்டனை அமுக்கி எல்லா டேட்டாவும் அழிஞ்சு போச்சுன்னு புகார் வரும். சோம்பேறி டெவலப்பர் என்ன பண்ணுவான்? "யூசர் எரர்"னு எழுதி டிக்கெட்டை மூடிடுவான். கொஞ்சம் விவரமானவன் கேப்பான்: "சேவ் பட்டனுக்குப் பக்கத்துல டெலீட் பட்டனை வெச்சது யாரு? அழிக்கட்டுமான்னு ஒரு கேள்வி கூடக் கேக்காம அழிக்க விட்டது யாரு?" ஒரே தப்பை நூறு பேர் பண்ணினா அது நூறு பேரோட தப்பு இல்ல, டிசைனோட தப்பு. முதல் வருச டிரெய்னிங்லயே இதைச் சொல்லித் தருவாங்க.

வீட்டு விசயத்துல மட்டும் நாம அந்த சோம்பேறி டெவலப்பர். மாடிப்படியில உருண்டா அம்மா கவனிக்கல. சுவிட்சுல கை வெச்சா அம்மா போன் பார்த்துக்கிட்டு இருந்தா. பக்கெட்டுல தலைகுப்புற விழுந்தா அம்மா சீரியல் பார்த்தா. டிக்கெட் குளோஸ்டு. அடுத்த வீட்டுல அதே படி, அதே சுவிட்சு, அதே பக்கெட்.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் 2008-ல் குழந்தைகளோட விபத்து பத்தி ஒரு பெரிய அறிக்கை விட்டாங்க. உலகத்துல நாளைக்கு 2000 குழந்தைகளுக்கு மேல விபத்துல சாகுறாங்க, ஏற்கெனவே பலன் கொடுத்த தடுப்பு வழிகளை எல்லா இடத்திலயும் செஞ்சா தினமும் குறைஞ்சது 1000 பேரைக் காப்பாத்தலாம்னு அதுல இருக்கு. இது ரோட்டு விபத்தையும் சேர்த்த கணக்கு. ஆனா மூழ்குறது, தீக்காயம், விழறது, விஷம்னு அந்தப் பட்டியல்ல வர்ற மத்ததுல நிறைய நடக்கிற இடம் வீடும் வீட்டைச் சுத்தியும்தான். காப்பாத்துற வழின்னு அவங்க சொல்றது "அம்மாக்களே, கண்ணை இமைக்காதீங்க" இல்ல. கம்பி போடு, மூடி போடு, பொருளை மாத்து, சட்டம் போடு.

சரி, நம்ம வீட்டுக்குள்ள போவோம்.

*

முதல்ல தரை. டைல்ஸ் கடைக்குப் போனா மோர்பியில இருந்து வந்த பளபளா டைல்ஸை வரிசையா நிறுத்தி வெச்சிருப்பாங்க. முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம். எங்க கொத்தனார் அண்ணன் சொன்னது: "வழவழன்னு இருந்தாத்தான் தம்பி பார்வையா இருக்கும்." யார் பார்வைக்கு? காய்ஞ்ச தரையில அதுல நடக்கிறதுல பெரிய சிக்கல் இல்ல. தண்ணி சிந்தினா கதை வேற. நம்ம காலுக்கும் டைல்ஸுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தண்ணிப்படலம் நின்னுடும், பிடிப்பு போயிடும். சொரசொரப்பான டைல்ஸ்ல அந்தத் தண்ணி ஒதுங்க இடம் இருக்கு, பளபளப்புல இல்ல. குழந்தை இருக்கிற வீட்டுல தரை எப்பவாவது காய்ஞ்சு இருந்திருக்கா சொல்லுங்க? மூச்சா, தண்ணி டம்ளர், சிந்தின பால், குளிச்சிட்டு ஈரக்காலோட ஓட்டம்.

வழுக்கலை அளக்க ஜெர்மனியில ஒரு சோதனை முறை இருக்கு. சாய்வுப் பலகையில எண்ணெய் ஊத்தி ஆளை நடக்க விட்டு ஆர்-9-ல இருந்து ஆர்-13 வரைக்கும் எண் கொடுப்பாங்க. எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். நல்ல கம்பெனி டைல்ஸ் விவரச் சீட்டுல இது இருக்கும். கடைக்காரர்கிட்ட "பாத்ரூமுக்கு ஆர் நம்பர் என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க, வேத்துக்கிரகவாசியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். நான் கேட்டேன். "சார், டிசைன் நம்பர் சொல்லுங்க"ன்னார். இது பீங்கான் ஊர்ங்க! மண்ணு, கிளேஸு, சூடுன்னு அக்குவேறா ஆணிவேறாத் தெரிஞ்ச ஊரு. இங்கயே டைல்ஸை கலர் பார்த்துத்தான் வாங்குறோம்.

அடுத்தது மாடிப்படி. இப்போ ஊருக்குள்ள புதுசா வர்ற வீட்டுல பாதிக்கு மேல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி. அதுவும் படுக்கைவாட்டுல மூணு பைப், நாலு பைப். மக்களே, ஒரு நிமிசம் அதை மூணு வயசுக் குழந்தை கண்ணுல பாருங்க. அதுக்குப் பேர் ஏணி! விழாம இருக்கக் கட்டின தடுப்புல ஏறி அந்தப் பக்கம் விழ நாமளே படி வெச்சுக் கொடுக்கிறோம். பைப்புக்கு நடுவுல ஒரு அடி இடைவெளி வேற. அமெரிக்கா, இங்கிலாந்து கட்டட விதிகள்ல ஒரு எளிய கணக்கு: ஏறக்குறைய 4 அங்குல உருண்டை ஒண்ணு அந்த இடைவெளி வழியா நுழையக்கூடாது. காரணம், குழந்தையோட உடம்பு நுழையற சந்துல தலை மாட்டிக்கும், இல்லைன்னா முழுசா வெளிய போயிடும். நம்ம நாட்டுக்கும் தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016 இருக்கு. வீட்டுப்படி உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, மிதிக்கிற அகலம் 250-க்குக் குறையக்கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்காங்க. ஒரு டேப் எடுத்து உங்க வீட்டுப் படியை அளந்து பாருங்க. இடத்தை மிச்சம் பிடிக்க செங்குத்தாப் படி வெச்சிட்டு, மிச்சம் பிடிச்ச இடத்துல நாம வெச்சது என்ன? ஷோகேஸ்!

தீர்வுக்கு ஒண்ணும் ராக்கெட் விட வேண்டாம். அதே பைப், அதே வெல்டர். படுக்கைவாட்டுல வைக்கிறதை நிமிர்த்தி நெருக்கி வெச்சா முடிஞ்சது. கொஞ்சம் பைப் கூடச் செலவாகும். "பழைய கால ஜன்னல் கம்பி மாதிரி இருக்கு, மாடர்னா இல்ல"ன்னு எங்க சித்தப்பா சொன்னார். மாடர்னா இல்லாட்டிப் போகுது சித்தப்பா, பேத்தி இருப்பா.

*

மூணாவது கரண்ட். இதுலதான் எனக்கு ரொம்பக் கோவம் வரும்.

எங்க ஊர் ஃபியூஸ் கட்டையை நான் குறை சொல்ல வரல. அது செய்யற வேலையை ஒழுங்காச் செய்யும். ஆனா அதோட வேலை என்னன்னு பலருக்குத் தெரியல. ஃபியூஸும் சரி, இப்போ போடுற எம்.சி.பி.யும் சரி, காப்பாத்துறது ஒயரை. உங்களை இல்ல. 15 ஆம்பியர் ஃபியூஸ் அந்த அளவைத் தாண்டினாத்தான் உருகும். மனுச உடம்புல ஓடினா உயிர் போறதுக்கு ஆம்பியர் கணக்கே வேண்டாம், மில்லி ஆம்பியர் போதும். பத்துப் பதினஞ்சு மில்லி ஆம்பியர்லயே கை இறுகி விட முடியாமப் போயிடும். அதுக்கு மேல போகப் போக இதயத் துடிப்பே தாறுமாறாயிடும். ஒரு குழந்தை துடிச்சிக்கிட்டிருக்கும்போது ஃபியூஸ் கட்டை "எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு சும்மா இருக்கும். அது கண்ணுக்கு இந்தக் கரண்ட் தெரியவே தெரியாது. இதுல ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு ரெண்டு மூணு செப்பு இழையைச் சேர்த்து முறுக்கிக் கட்டுற மகானுபாவர்கள் தனிக்கதை. அப்போ ஒயரைக் கூட அது காப்பாத்தாது.

உயிரைக் காப்பாத்துற சாமான் வேற. அதுக்குப் பேர் ஆர்.சி.சி.பி. பேஸ்ல எவ்வளவு கரண்ட் போகுது, நியூட்ரல்ல எவ்வளவு திரும்பி வருதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். போனதுக்கும் வந்ததுக்கும் கணக்கு உதைச்சா, எங்கயோ யார் உடம்பு வழியாவோ தரைக்குப் போகுதுன்னு அர்த்தம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் ஆறதுக்குள்ள கண்ணிமைக்கிற நேரத்துல துண்டிச்சிடும். 30 மில்லி ஆம்பியர்ங்கிறது அந்த 15 ஆம்பியர்ல 500-ல் ஒரு பங்கு. விலை ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய். ஒரு பால்ஸ் சீலிங்ல பதிக்கிற கலர் லைட் காசு கூட இல்ல. (எல்லாத்தையும் இது காப்பாத்தும்னு சொல்லல. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடிச்சா அதுக்குத் தெரியாது. அதனால குழந்தை கைக்கு எட்டுற பிளக் பாயிண்ட் எல்லாம் ஷட்டர் வெச்சதா இருக்கணும்.)

இப்போ கொடுமையைக் கேளுங்க. நிறைய வீட்டுல இதை வாங்கி மாட்டியிருப்பாங்க, ஆனா வேலை செய்யாது. ஏன்? "அடிக்கடி ட்ரிப் ஆகுது தம்பி, அதனால நேரா கொடுத்துட்டேன்"னு எலக்ட்ரீசியன் ஒரு ஒயரைப் போட்டு அதைத் தாண்டி விட்டுட்டுப் போயிருப்பார். எங்க வீட்டுலயும் வந்தவர் அதைத்தான் சொன்னார். அண்ணே, அது ட்ரிப் ஆகுதுன்னா எங்கயோ கரண்ட் ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகுற இடத்தைத் தேடாம, ஒழுகுதுன்னு கத்துறவன் வாயை அடைச்சா எப்படி? ரெண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு லைனாப் பிரிச்சுப் பார்த்தோம். பழைய வாட்டர் ஹீட்டர் ஒண்ணு, நியூட்ரலைக் கலந்து விட்ட ஒரு சுவிட்சு போர்டு ஒண்ணு. முடிஞ்சது. இப்போ மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறது என் வேலை. எல்லாரும் செய்ய வேண்டிய வேலை. அமுக்கினா வீடே இருட்டணும். இருட்டலைன்னா உடனே ஆளைக் கூப்பிடுங்க.

*

நாலாவது, பெயிண்ட்டும் தூசியும். "குழந்தை ஜன்னல் கம்பியைக் கடிக்குது"ன்னு சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்துப் போடுறோம். அந்தக் கம்பியில இருக்கிற எனாமல் பெயிண்ட் எந்த வருசத்துது? வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு இந்தியாவுல விதி வந்தது 2016-ல். அமலுக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்ச எனாமல்ல எவ்வளவு இருக்குன்னு கண்ணால பார்த்துச் சொல்ல வழியில்ல. உடம்புக்குள்ள போற ஈயத்துல இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குழந்தையோட மூளை வளர்ற வயசுல அது போய் உட்கார்ந்தா படிப்பு, கவனம், நடத்தை எல்லாத்துலயும் கை வைக்கும். ஆனா நாம என்ன பண்ணுறோம்? பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டு வறவறன்னு காய்ஞ்சபடியே தேய்ச்சு, வீடு பூரா தூசி பறக்க விட்டு, "ஒரு ரூமுக்குள்ள புள்ளைய வெச்சுக் கதவைச் சாத்திக்கோ"ங்கிறோம். ஈரம் பண்ணித் தேய்க்கச் சொல்லலாம். அந்த ரெண்டு நாள் அம்மாவையும் குழந்தையையும் பாட்டி வீட்டுக்கு அனுப்பலாம். காசே ஆகாது.

டைல்ஸ் அறுக்கிறதும் அப்படித்தான். மெஷினை வெச்சுத் தண்ணி ஊத்தாம அறுத்தா வர்ற வெள்ளைப் புகையில சிலிக்கா இருக்கு. எங்கப்பா யோசனை எல்லாம் பெரும்பாலும் எனக்கு எதிராத்தான் இருந்துச்சு, எலிவேஷன்ல வளைவு வேணும்னு ஒரு வாரம் பேசாம இருந்த மனுசன். ஆனா தூசி விசயத்துல மட்டும் என் பக்கம். முதல் டைல்ஸ் அறுக்கிற சத்தம் கேட்டதுமே துண்டை மூக்குல கட்டிக்கிட்டு வந்து நின்னார். "தண்ணி ஊத்தாம மெஷினைப் போட்டா வேலையை நிறுத்திடுவேன்." பட்டறையில மண்ணு சலிச்ச ஆளுங்க வயசானப்புறம் மூச்சுக்கு என்ன பாடு பட்டாங்கன்னு பார்த்தவர் அவர். தொழிற்சாலைச் சட்டம் 1948-லயே இந்த நுரையீரல் நோயை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்னு பட்டியல் போட்டாங்க. தொழிற்சாலைக்கு விதி இருக்கு. வீட்டு ஹால்ல அறுத்தா? கேள்வி கேக்க ஆளில்ல.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தத் தூசியை சுவாசிக்கிற குழந்தை நம்ம குழந்தை மட்டும் இல்ல. எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்த சித்தாள் அக்கா ஒருத்தங்க ரெண்டு வயசுப் பையனைக் கூட்டிக்கிட்டுத்தான் வருவாங்க. விட்டுட்டு வர வீட்டுல ஆளில்ல. அவன் மணல் குவியல்ல, ஜல்லி மேல, கம்பி நுனிக்கிட்ட விளையாடுவான். 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல வேலை செய்யற இடத்துல அவங்க குழந்தைகளுக்குத் தனி அறை வேணும்னு சொல்லிச்சு. நம்ம வீட்டுல வேலை செய்யறது ரெண்டு பெண்கள். அந்தக் கணக்குல இந்தப் பையன் எங்கயுமே வரமாட்டான். தங்கமணி பின்பக்க ரூமைக் காலி பண்ணி, பாய் விரிச்சு, எங்க பெரியவளோட அவனையும் உட்கார வெச்சா. ஆயா பார்த்துக்கிட்டாங்க. பெரிய புரட்சி இல்ல. ஆனா வேலை நடக்கிற எந்த வீட்டுலயும் இதைச் செய்யலாம், யாருமே செய்யறதில்ல. அவன் விழுந்தாலும் அந்த அக்காவைத்தான் கேப்போம், "புள்ளைய பார்த்துக்க மாட்டியா?"

அஞ்சாவது தண்ணி. சுருக்கமாச் சொல்லிடுறேன். போர்டிகோவுக்கு அடியில சம்ப். மூடி உடைஞ்சிருக்கும், மேல ஒரு பலகை போட்டிருப்போம், "அடுத்த மாசம் மாத்திக்கலாம்". பாத்ரூம்ல ரொம்பின பக்கெட். தவழ்ற குழந்தைக்கு உடம்பை விடத் தலை கனம். எட்டிப் பார்த்துக் கவுந்தா தானா எழுந்திரிக்க முடியாது. சத்தமும் வராது. சம்ப்புக்குப் பூட்டுற இரும்பு மூடி, பாத்ரூமுக்கு வெளிய உயரத்துல ஒரு தாழ்ப்பாள். ரெண்டும் ஒரே நாள் வேலை.

*

இப்போ வழக்கமான எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

"நாங்கல்லாம் இப்படியா வளர்ந்தோம்? ஒண்ணும் ஆகலையே." ஒண்ணும் ஆகாதவங்கதான் இதைச் சொல்ல உயிரோட இருக்காங்க. கிணத்துல விழுந்த குழந்தையோட போட்டோ பழைய வீட்டுச் சுவத்துல மாலையோட தொங்கும், அது பேசாது. அந்தக் கால வீட்டைப் புகழ்றவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு, எரியற அடுப்பு தரையிலயே, இதெல்லாம் பொற்காலம் இல்ல.

"காசு இல்லாதவன் என்ன செய்வான்?" நியாயமான கேள்வி. ஆனா நான் மேல சொன்னதுல பாதிக்குக் காசே வேண்டாம், மீதிக்குக் கொஞ்சம்தான். காசு இல்லாததால இது நடக்கலைன்னா, காசு இருக்கிற வீட்டுல நடந்திருக்கணுமே? மூணு மாடி, லிஃப்ட் வெச்ச வீட்டுலயும் அதே படுக்கைவாட்டு பைப்தான் மின்னுது.

"வீடுங்கிறது கௌரவம். பொண்ணு பார்க்க வர்றவன் வீட்டைத்தான் பார்ப்பான்." இதை நான் கேலி பண்ண மாட்டேன். கூரை வீட்டுல பொறந்து, சீட்டுக் கட்டி, நகையை அடகு வெச்சு முதல் தலைமுறையா ஒரு மெத்தை வீடு கட்டினவங்களுக்கு அந்தப் பளபளப்பு ஒரு பதில். எத்தனை பேர் அவங்களை வாசலோட நிறுத்திப் பேசினாங்களோ அத்தனை பேருக்கும் சொல்ற பதில். எங்கப்பாவோட வளைவும் அந்த ரகம்தான்னு எனக்குத் தெரியும். அதனால முன்பக்க வளைவை வெச்சுத்தான் கொடுத்தோம். நான் கேக்கிறது வளைவை விடச் சொல்லி இல்ல. வளைவுக்கு முன்னாடி ஆர்.சி.சி.பி.யை வாங்குங்கன்னுதான். கௌரவத்துக்கு ஒதுக்கிற பணத்துல நூத்துக்கு அஞ்சு ரூபாய் குழந்தைக்கு. அவ்வளவுதான் பேரம்.

"எல்லாத்தையும் பஞ்சுல பொத்தி வளர்த்தா புள்ள தைரியமா வளராது." சாமி, முட்டி தேயறது வேற, மண்டை உடையறது வேற. மரம் ஏறட்டும், மண்ணுல புரளட்டும், சைக்கிள்ல விழட்டும். அதுல இருந்து ஒரு பாடம் கத்துக்கிட்டு எழுந்து வரும். கரண்ட் கம்பியில பாடம் கத்துக்கிட்டு எழுந்து வர முடியாது. இன்னும் சொன்னா, வீடு சரியா இருந்தாத்தான் குழந்தையைச் சுதந்திரமா விட முடியும். எங்க பெரியவளுக்கு ஒரு சுவர் முழுக்கக் கிறுக்க விட்டிருக்கோம். ஹால் சுவர்தான். வர்றவங்க பார்க்கட்டும். "தொடாதே, ஏறாதே, போகாதே"ன்னு நாள் முழுக்கக் கத்துற வீட்டுலதான் புள்ள பயந்து வளரும்.

கடைசியா, "விதி". இதுக்கு ஒரு ஊர்க் கதை சொல்றேன், நியூயார்க். 1970-கள்ல அங்க ஏழைங்க இருந்த அடுக்குமாடி வீடுகள்ல இருந்து குழந்தைங்க ஜன்னல் வழியா விழுந்து செத்துக்கிட்டே இருந்தாங்க. "அம்மா என்ன பண்ணினா"ன்னு கேக்கிறதை விட்டுட்டு 1972-ல் அந்த ஊர் சுகாதாரத் துறை ஒரு திட்டம் ஆரம்பிச்சது. குழந்தைகளால பறக்க முடியாதுங்கிறதுதான் அதோட பேரே. வீடு வீடாப் போய்ப் பேசினாங்க, ஜன்னலுக்குக் கம்பித் தடுப்பு இலவசமாக் கொடுத்தாங்க. சாவு கணிசமாக் குறைஞ்சது. 1976-ல் சட்டமே கொண்டு வந்தாங்க: 10 வயசு வரைக்கும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அடுக்குமாடிக்காரர் ஜன்னல் தடுப்பு போட்டே ஆகணும். அம்மாக்கள் ராத்திரியோட ராத்திரியா பொறுப்பானவங்களா மாறிடல. கம்பி வந்துச்சு. அந்தக் குழந்தைங்க விதி நாலு திருகாணியில மாறிப்போச்சு.

*

அதனால மக்களே, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை. தரையில முட்டி போட்டு உங்க வீட்டை ஒரு சுத்து சுத்தி வாங்க. நிஜமாத்தான் சொல்றேன், தவழ்ந்தே போங்க. அந்த உயரத்துல இருந்து பார்த்தா பால்ஸ் சீலிங் தெரியாது. பிளக் பாயிண்ட் தெரியும், ஹீட்டர் ஒயர் தெரியும், சோபாவுக்கு அடியில எலி மருந்து தெரியும், படியோட முதல் பைப் கைக்கு எட்டுற தூரத்துல தெரியும். ஒரு பேப்பர்ல எழுதுங்க. தங்கமணி ஏற்கெனவே சொன்னதுதான் பாதிக்கு மேல அதுல இருக்கும், பந்தயம்.

அந்தப் பட்டியலை முடிக்காம அடுத்த லைட்டு, அடுத்த வால்பேப்பர் வாங்காதீங்க. அடுத்த தடவை யார் வீட்டுலயாவது குழந்தைக்கு அடிபட்டுப் பார்க்கப் போனா, வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அந்தப் படியை, அந்தத் தரையை, அந்த சுவிட்சை ஒரு பார்வை பார்த்துட்டு, அந்த அப்பாகிட்ட கேளுங்க: "இதை எப்போ மாத்தப் போறே? நான் வேணா ஞாயித்துக்கிழமை டிரில்லிங் மெஷினோட வரட்டா?"

டிஸ்கி: சித்தப்பா இதைப் படிக்க வாய்ப்பிருக்கு. சித்தப்பா, கைப்பிடி கம்பி நல்லாத்தான் இருக்குன்னு போன வாரம் நீங்களே சொன்னதுக்கு சாட்சி இருக்கு. ஹி ஹி.